வெட்டாத டேக்

வினோதா போட்டுக்கொண்டு, விலை டேக்கை மடித்துக் கழுத்துக்குள் செருகியபோது புதுச் சிவப்பு ஸ்வெட்டருக்குக் கூச்சமாக இருந்தது. வந்த முதல் நாள் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டது.

சோபாவில் கிடந்த பழைய சால்வையை அவள் கட்டிலுக்கடியில் தள்ளினாள். மஞ்சள் விளக்கைப் போட்டு, காலிக் கோப்பையைக் கையில் ஏந்தி, ஜன்னலோரம் நின்று பதினேழு படம் எடுத்தாள்.

"பார்த்தீங்களா அக்கா, இனிமே குளிருக்கு நான்தான்" என்றது ஸ்வெட்டர்.

"டேக்கை வெட்டினாளா?" கட்டிலுக்கடியிலிருந்து சால்வை கேட்டது.

"அவசரத்துல மறந்திருப்பா."

"போன வாரம் வந்த பச்சையும் இதையேதான் சொல்லுச்சு. படம் எடுத்ததும் வந்த கவர்லயே திரும்பிப் போச்சு."

"நூல் பிரிஞ்சவங்களுக்குப் பொறாமை."



வினோதா ஸ்வெட்டரைக் கழற்றி, அக்குளை முகர்ந்து பார்த்து, பழைய மடிப்பிலேயே மடித்தாள். போனில் ஆன்லைன் கடை திருப்பி அனுப்பக் காரணம் கேட்டிருந்தது. அளவு சரியில்லை என்று அழுத்தினாள்.

"சரியாத்தானே இருந்தேன், அக்கா?"

"ரொம்பச் சரியா இருந்தே."

கவருக்குள் தள்ளும்போது ஸ்வெட்டர் தன் நூல் ஒன்றை அவள் வளையலில் மாட்டிக்கொண்டு விட மறுத்தது. அவள் அதைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, கவரை ஒட்டினாள்.

குளிர் ஏறியது. வினோதா குனிந்து சால்வையை இழுத்து, தூசி தட்டிப் போர்த்திக்கொண்டாள். வளையலில் தொங்கிய சிவப்பு நூலை உருவி ஜன்னலுக்கு வெளியே போட்டாள்.