சொல்லிக்கொண்டு கிளம்பிய நண்டுகள்

கரீபியன் கடலில் தீவு தீவாகச் சுற்ற, வேலாயுதம் என்ற நண்டும் அதன் மனைவி பரிமளமும் பாய்மரப் படகேறின. முதல் தீவு அவற்றுக்கு வயிறாரத் தேங்காய் போட்டது. கிளம்பும்போது பரிமளம் கொடுக்கைக் கூப்பி, “போயிட்டு வர்றோம்” என்றது.

நடுக்கடலில் படகு திரும்பி, அதே தீவில் கொண்டுவந்து விட்டது.

“ஏன்யா திரும்பினே?” என்று கத்தியது வேலாயுதம்.

“வர்றோம்னு அம்மாதானே வாக்குக் குடுத்தாங்க?” என்றது படகு.

“அப்ப போறோம்னு சொல்லித் தொலை, பரிமளம்!”

“வாயைக் கழுவுங்க! கிளம்புற நேரத்துல யாராவது அப்படிச் சொல்லுவாங்களா?”

பரிமளம் மறுபடி, “போயிட்டு வர்றோம்” என்றது. படகும் மறுபடி அதே கரைக்கு வந்தது. மறுபடி விருந்து நடந்தது.

கடைசித் தேங்காயையும் உடைத்துவைத்த தீவு, தென்னங்கீற்றுகளைக் கூப்பிக் கும்பிட்டது. “தாயே, இந்தத் தடவை சொல்லாமக் கொள்ளாமப் போயிடுங்க!”