இந்த வருஷம் விமானம் இல்லை

ராஜகிரி மலைப்படியில் கிடந்த தண்ணீர் பாட்டிலைக் குனிந்து எடுத்தபோது, "அண்ணி!" என்று யாரோ கூப்பிட்டார்கள்.

வெண்மதி நிமிர்ந்து பார்த்தாள். பச்சமுத்து. அவலூர்பேட்டைக்காரன். குவைத்தில் அவள் கணவன் அன்புச்செல்வனோடு ஒரே கம்பெனியில் வேலை பார்ப்பவன். பக்கத்தில் அவன் மனைவி, குரங்குகளுக்குப் பயந்து கைப்பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"இன்னா அண்ணி, ஞாயித்துக்கெழமகூட லீவு இல்லையா? கோணி தூக்கிக்கினு நிக்கிறீங்க?"

"காணும் பொங்கலுக்கு வந்த கூட்டம் போட்டுட்டுப் போன குப்பை. ஸ்கூல் புள்ளைங்கள இட்டுக்கினு வந்து பொறுக்குறோம்" என்று சிரித்தாள்.

செஞ்சியில் எல்லோருக்கும் அவளை அப்படித்தான் தெரியும். சைக்கிளில் பள்ளிக்குப் போகிற டீச்சர். கறிக்கடைக்கும் தூக்குவாளியோடு போகிற டீச்சர். புருஷன் வெளிநாட்டில் இருந்தும் வீட்டில் ஏசி வைக்காத டீச்சர்.

ஒரே ஓர் ஆசைதான் இதற்குள் அடங்காமல் இருந்தது. விமானம்.

கல்யாணமான புதிதில் முதல்முறை குவைத்துக்குப் போனபோது, கொடுத்த சாப்பாட்டைக்கூடப் பிரிக்காமல், ஜன்னலில் நெற்றியை ஒட்டிவைத்துக்கொண்டே வந்தாள். கீழே மேகம். மேகத்தின் மேல் வெயில்.

அதன் பிறகு கோடை விடுமுறைக்கு அவள் போவாள். பொங்கலுக்கு அவன் வருவான். புருஷனைப் பார்க்கப் போகிற சந்தோஷம் எது, பறக்கிற சந்தோஷம் எது என்று அவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

போன வருஷம் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து கேட்டாள். "எங்கள துணிப்பை எடுத்துக்கினு போவச் சொல்றீங்க டீச்சர். நீங்க வருஷா வருஷம் ஏரோபிளேன்ல போறீங்களே, அதோட புகை?"

பதில் சொல்வதற்காகத் தேடிப் படித்தாள். படித்ததும் மனசு கேட்கவில்லை. தான் தூக்கிய துணிப்பையெல்லாம் ஒரு தடவை போய் வருவதற்குக்கூட ஈடாகாது என்று பட்டது.

"இனிமே நான் அங்க வரலங்க. நீங்களும் ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் வந்தா போதும்" என்று போனில் சொன்னாள். சொல்லிவிட்டு, அவன் சண்டை போடுவான் என்று காத்திருந்தாள். போடமாட்டானா என்றும் இருந்தது.

"நீ சொல்றதுதான் நியாயம் மதி. உனக்காக நானும் விட்டுடறேன்" என்றான்.

அவனை நினைத்து அவளுக்கு அவ்வளவு பெருமை. பள்ளியில் காலை வணக்கக் கூட்டத்தில் சொன்னாள். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

கோடை விடுமுறையில் விமானச் சத்தம் கேட்டபோதெல்லாம் வாசலுக்கு ஓடிவந்து அண்ணாந்து பார்த்தாள். கழுத்து வலிக்கிற வரை பார்ப்பாள்.

இந்தப் பொங்கலன்று தனியாளாகப் பானை வைத்தாள். பொங்கி வந்தபோது கூவ வாய் வரவில்லை.

"அண்ணன் மல ஏறலையா? வூட்ல தூங்கறாரா?" என்றான் பச்சமுத்து.

"அவரு அங்கதான இருக்காரு. இந்த வருஷம் வரலையே."

பச்சமுத்து சிரித்தான். "போங்க அண்ணி, வெளையாடாதீங்க. போகிக்கு மொத நாளு ரெண்டு பேரும் ஒரே பிளைட்லதான வந்தோம்? உங்க தங்கச்சி ஏர்போர்ட்டுக்கு வந்து இட்டுக்கினு போனாங்க. யாருன்னு கேட்டேன், மச்சினிச்சின்னாரு. அவங்ககூட வந்த கொழந்த ஓடியாந்து அண்ணன் கழுத்தக் கட்டிக்கினு உடவே இல்ல."

வெண்மதி வீட்டுக்கு ஒரே பிள்ளை. தங்கச்சி என்று சொல்லிக்கொள்ள ஒன்றுவிட்ட உறவில்கூட யாரும் இல்லை.

கோணியின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பச்சமுத்துவின் மனைவி அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு புருஷனின் முழங்கையை மெல்ல இழுத்தாள்.

"சும்மா சொன்னேன் பச்சமுத்து" என்றாள் வெண்மதி. "மெட்ராஸ்ல ஒரு வேலையா இருக்காரு. ரெண்டு நாள்ல வந்துடுவாரு."

"அதான பார்த்தேன்" என்றான் அவன்.

இருவரும் படியேறி வளைவில் மறைகிற வரை அவள் சிரித்தபடியே நின்றாள். அதன் பிறகு படியிலேயே உட்கார்ந்தாள். மேலே பிள்ளைகள் யார் கோணி முதலில் நிறையும் என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குத் தவறாமல் வருகிற வாட்ஸ்அப் அழைப்பு.

"சாப்டியா மதி?"

"ம்."

"இன்னா, குரல் ஒரு மாதிரி இருக்குது?"

கேட்க எவ்வளவோ இருந்தது. யார் அவள்? அந்தக் குழந்தைக்கு என்ன வயது?

"அங்க மணி இன்னாங்க ஆவுது?" என்று மட்டும் கேட்டாள்.

ஒரு நொடிகூடத் தயங்காமல், இரண்டரை மணி நேரத்தைச் சரியாகக் கழித்துச் சொன்னான்.

"எட்டரை. இங்க ஒரே குளிரு மதி. இப்பதான் போர்வைய உட்டு எழுந்தேன்."