மழை வராத நாள்

“வாடா ராசா, வா! இன்னும் ஒசரமா வளரு!”

ரேடார் திரையில் இடிமேகம் மஞ்சளிலிருந்து சிவப்புக்குத் தாவ, வானிலை ஆராய்ச்சிக்காரிக்குக் கால் தரையில் பாவவில்லை. பக்கத்து நாற்காலிக்காரன் விசிலடித்தான். இப்படி ஒரு மேகத்துக்காக இருவரும் வருஷக்கணக்காகத் தவம் கிடந்தவர்கள்.

போன் அலறியது. அம்மா.

“தோட்டத்துல நாற்காலியெல்லாம் போட்டாச்சு. மழை வருமாடி?”

“வரும்மா! ஆலங்கட்டியோட கொட்டப்போகுது!”

“அதைச் சிரிச்சுக்கிட்டே சொல்றியே! மழை வராத நாள்னு கல்யாணத் தேதியைக் குறிச்சதே நீதானே!”

“கணக்கு தப்பிடுச்சும்மா. ஆனா என்னா அழகு தெரியுமா!”

“அழகைத் தூக்கி அடுப்புல போடு! மாப்பிள்ளையை வேற காணோம்னு சம்பந்தி அழறாங்க!”

பக்கத்து நாற்காலிக்காரன் போனைப் பிடுங்கினான்.

“அவங்களை அழ வேணாம்னு சொல்லுங்க அத்தை. பொண்ணும் மாப்பிள்ளையும் இங்கேதான் இருக்கோம். இந்த மேகம் ஓஞ்சதும் ஓடி வந்துடுறோம்!”