படம் தெளிவா இல்ல, கண்ணு

“படம் மறுபடியும் கட்டம் கட்டமா ஆயிடுச்சு கண்ணு. ஒண்ணுமே தெரியல.”

குரலைக் கேட்டதுமே ரேயாலுக்குத் தலைவலி வந்துவிட்டது. தண்டர் பே ஊர்க்கார ஐலி அம்மாள்! இந்த வாரத்தில் அந்த அம்மாள் கூப்பிடாத நாளே இல்லை.

கனடாவில் மாங்டன் நகரத்தில் ஓர் ஆன்லைன் பந்தயக் கம்பெனி. அங்கே வாடிக்கையாளர்களின் புகாரைக் கேட்பதுதான் அவன் வேலை. வெளியே பனி கொட்டும். உள்ளே ஹெட்போனில் திட்டு கொட்டும். படம் நிற்கிறது, படம் பிந்தி வருகிறது, நான் பார்ப்பதற்குள் பந்தயத்தை மூடிவிட்டீர்கள், நீங்களெல்லாம் திருடர்கள்!

ஐலி அம்மாள் மட்டும் திட்டுவதில்லை. அதுதான் அவனுக்கு விநோதமாக இருந்தது.

“ஸ்கோர் சரியாத்தானே வருது மேடம்? பந்தயத்துக்கு அது போதுமே.”

“ஸ்கோரை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? ஆளைப் பாக்கணும். உன் கம்ப்யூட்டர்ல தெளிவா வருமில்ல? கொஞ்சம் பாத்துச் சொல்லேன். அந்த பெல்லட்டியேங்கற பையன் நொண்டுறானா?”

ரேயால் உஷாரானான். ஓஹோ, ஆட்டக்காரனின் காலைப் பார்த்துக் காசு பார்க்கிற கோஷ்டியா!

“அதெல்லாம் நாங்க சொல்லக் கூடாது மேடம்.”

ஆபீஸ் திரையில் படம் கண்ணாடி மாதிரி இருந்தது. துனீசியாவில் ஏதோ ஒரு மூலையில் சின்ன டென்னிஸ் போட்டி. ஒரே கேமரா, காலி நாற்காலிகள். இந்த மாதிரி ஆட்டங்களை டி.வி.க்காரர்கள் சீந்துவதில்லை. பந்தயக் கம்பெனிகள் மட்டும்தான் காட்டும்.

ஐலி அம்மாளின் கணக்கைத் திறந்து பார்த்தான். ஆட்டத்துக்கு ஒரு டாலர். எல்லாமே பெல்லட்டியே ஜெயிப்பான் என்று கட்டியது. அவனோ முதல் சுற்றைத் தாண்டினாலே அதிசயம்! தோற்கிறவன் மேலேயே விடாமல் கட்டினால் அதற்குப் பெயர் என்ன?

மேற்பார்வையாளர் ஓடெட் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“மறுபடியும் அந்தக் கிழவியா? பாவம், முத்திப் போச்சு. கணக்கை மூடிடு ரேயால். இந்த மாதிரி ஆளுங்களைக் காப்பாத்தத்தானே அந்த பட்டனே இருக்கு.”

ரேயாலுக்கும் அதுதான் சரி என்று பட்டது. அவன் அப்பாவும் ‘சும்மா ஒரு டாலர்’ என்றுதான் மதுக்கடைச் சூதாட்ட மிஷினில் ஆரம்பித்தார். கடைசியில் மீன்பிடிப் படகையே விட்டுவிட்டு வந்து நின்றார். அன்றைக்கு யாராவது அவர் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கக் கூடாதா என்று இவனுக்கு இன்னும் ஆறவில்லை.

“மேடம், தப்பா நினைக்காதீங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். உங்க கணக்கை மூடிடறேன்.”



“வேணாம் கண்ணு. இன்னிக்கு மட்டும். இந்த ஆட்டம் முடியட்டும்.”

அப்பாவும் இதையேதான் சொல்வார். அச்சு அசலாக இதே கெஞ்சல். ரேயால் மனசைக் கல்லாக்கிக்கொண்டு மவுஸை நகர்த்தினான்.

“ஒரு டாலர்தானேன்னு இருக்கும் மேடம். இந்தப் பழக்கம் குடும்பத்தையே முழுங்கிடும். எங்க வீட்டுல பாத்திருக்கேன்.”

“எனக்குப் பந்தயம்னாலே ஆகாது கண்ணு. கட்டினாத்தானே நீங்க படத்தைத் திறந்து விடறீங்க?” ஐலி அம்மாளின் குரல் உடைந்தது. “போன வருஷம் அவனுக்கு முட்டியில ஆபரேஷன். போன்ல கேட்டா, ‘நல்லா இருக்கேம்மா, வலியே இல்லம்மா’ங்கறான். சின்னதுலேர்ந்தே அப்படித்தான், வலியை வெளிய சொல்ல மாட்டான். அவன் நடக்கறதைப் பாத்தாத்தான் எனக்குத் தெரியும்.”

பட்டன் மேல் போயிருந்த விரல் அப்படியே நின்றது.

“உங்க...?”

“என் மகன்தான். அவன் அவங்கப்பா பேரை வச்சிருக்கான். நான் பிரிஞ்சு வந்ததும் என் பழைய பேருக்கே மாறிட்டேன்.”

ரேயால் மவுஸிலிருந்து கையை எடுத்தான். ஆட்டக்காரரின் வீட்டார் அவர் ஆட்டத்தில் பந்தயம் கட்டவே கூடாது. கட்டியது தெரிந்தால் உடனே மேலிடத்துக்குச் சொல்லியாக வேண்டும். கணக்கு போவது இருக்கட்டும், மகனுடைய ஆட்டத்துக்கே உலை வைத்துவிடும். அந்த அம்மாளுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்?

ஓடெட் இன்னும் பின்னாலேயே நின்றாள். “என்னவாம்?”

“லைன் கரகரங்குது. ஒண்ணும் கேக்கல.”

லைன் தெளிவாகத்தான் இருந்தது. அந்த அம்மாள் மூக்கை உறிஞ்சுவதுகூடக் கேட்டது.

ஓடெட் தோளைக் குலுக்கிவிட்டுக் காபி எடுக்கப் போனாள்.

“மேடம், நீங்க இப்ப சொன்னது எனக்குக் கேக்கல. கேக்கவேயில்ல, சரியா? வேற யார்கிட்டயும் சொல்லாதீங்க. இனிமே பந்தயமே கட்டாதீங்க. கணக்குல பத்து டாலர் சும்மா கிடந்தாப் போதும், படம் தானாத் திறக்கும்.”

“நிஜமாவா? இத்தனை நாள் யாருமே சொல்லலியே!”

எப்படிச் சொல்வார்கள்? அதைச் சொல்லிப் பிழைக்கிற கம்பெனியா இது!

திரையில் ஆட்டம் முடிந்திருந்தது. வழக்கம்போல பெல்லட்டியே தோற்றுவிட்டான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு காலி நாற்காலிகளைத் தாண்டி நடந்தான். ரேயால் திரையோடு மூக்கு ஒட்டுகிற மாதிரி குனிந்து, அவன் வாசலில் மறைகிற வரைக்கும் காலையே பார்த்தான்.

“மேடம்...”

“சொல்லு கண்ணு.”

“சீரா நடக்கறாரு. நொண்டல.”