தலைக்கு ஒரு கடிதம்

இதில் ஒரு வார்த்தைகூட நான் கூட்டவில்லை, குறைக்கவில்லை. என் கண் மேல் ஆணை. இரண்டு கண்ணுக்கும் ஆபரேஷன் ஆகிவிட்டதால் இந்த ஆணை முன்பைவிடத் தெளிவானது.

தம்பி அழைப்பு மணியை அழுத்தவில்லை. உள்ளங்கையால் கதவை மூன்று தட்டு தட்டினான். அண்ணி திறந்ததும், "அவர் இருக்காரா?" என்று கேட்டான். பிறந்ததிலிருந்து அண்ணனை நீ, வா, போ என்றே பேசி வந்தவன் திடீரென்று மரியாதை கொடுத்தால் மற்றவர்கள் கொஞ்சம் தள்ளி நிற்பது நல்லது. அண்ணி தள்ளி நின்றாள்.

விஷயம் வண்டி. ஆறு வருடத்துக்கு முன் அண்ணன் தன்னுடைய ஏழு பேர் உட்காரும் பெரிய காரைத் தம்பிக்கு விற்றார். "நமக்குள்ள என்னடா பேர் மாத்துறது" என்று பதிவுப் புத்தகத்தில் தன் பெயரையே விட்டுவைத்தார். தங்கமான வண்டி என்று சத்தியமும் செய்தார்.

அதே மாதிரி கார் வைத்திருக்கும் ஆபீஸ் நண்பர் ஒருவர் அன்று மத்தியானம் சாப்பிடும்போது சொல்லித்தான் தம்பிக்குத் தெரியும். விற்ற வண்டியில் குறை இருக்கிறது, கொண்டு வாருங்கள், இலவசமாகச் சரிசெய்து தருகிறோம் என்று கம்பெனி இதுவரை ஏழு கடிதம் போட்டிருக்கிறதாம். ஏழு பேர் உட்காரும் வண்டிக்குத் தலைக்கு ஒன்று.

தம்பி சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டான். யார் பெயரில் வண்டி இருக்கிறதோ அவருக்குத்தான் கடிதம் போகும் என்றாள் அங்கிருந்த பெண். எது சரிசெய்தது, எது செய்யாதது என்பதை வண்டி வந்தால் பார்த்துச் சொல்கிறோம் என்று மறுநாள் காலை எட்டு மணிக்கு வரச் சொன்னாள். பிள்ளைகளோடு மலைக்குப் போக இருந்த நாள் அது. பயணத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு நேராக இங்கே வந்து நிற்கிறான்.

"லெட்டர் வந்துச்சா, வரலையா? அதை மட்டும் சொல்லுங்க."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுந்து போய் மேஜை டிராயரிலிருந்து ஒரு கடிதக் கட்டை எடுத்து வந்தார். ஏழு உறைகள், ரப்பர் பாண்டு போட்டு, புதுச் சீட்டுக்கட்டு மாதிரி ஓரம் கலையாமல் இருந்தன.

பெற்றவர்கள் போன பிறகு தம்பி கண்ணை மூடிக்கொண்டு நம்பிய ஆள் இந்த ஒருவர்தான்.

"என் பிள்ளைங்க ரெண்டும் அதுலதான் போகுது. பெல்ட் அறுந்துடும், பிரேக் பிடிக்காதுன்னு எழுதியிருக்கானாம். இதை வெச்சுக்கிட்டு எப்படித் தூங்குனீங்க?"

அண்ணன் அவசரப்படவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"நடுநடுவுல உன் வண்டியை ஒரு நாளைக்குக் கொடுன்னு வாங்கிட்டுப் போவேனே. எதுக்குன்னு நெனச்சே?"

வாங்கிப் போனது உண்மைதான். வருடத்துக்கு ஒரு தடவையாவது போவார். திரும்பி வரும்போது பெட்ரோல் முள் படுத்துக் கிடக்கும், கால்மிதியில் ஒரு பிடி கடற்கரை மணல் இருக்கும். விற்ற வண்டியை விடமாட்டேன் என்கிறாரே என்று தம்பி மனைவியிடம் எத்தனையோ தடவை முணுமுணுத்திருக்கிறான்.

இப்போது விரல் விட்டு எண்ணினான். ஏழு வந்தது. அவன் இருந்த நிலையில் ஐந்து இருந்திருந்தாலும் ஏழு வந்திருக்கும்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே" என்றான். மரியாதை போய்ப் பாசம் திரும்பிவிட்டது.

"இதையெல்லாம் சொல்லிக் காட்டுவாங்களாடா?"

தம்பி அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதான். பிறகு நின்ற இடத்திலேயே சர்வீஸ் சென்டரைக் கூப்பிட்டு, நாளைக்கு வரவில்லை, எல்லாம் சரிசெய்தாகிவிட்டது என்று சொன்னான். அடுத்து மனைவியைக் கூப்பிட்டு, விடிந்ததும் மலைக்குக் கிளம்பலாம், பிள்ளைகளின் துணியை எடுத்து வை என்றான். தெருமுனை வரை ஹாரன் அடித்துக்கொண்டே போனான்.

அண்ணன் நாற்காலியில் சாய்ந்தார். தம்பிக்கு இவ்வளவு செய்திருக்கிறோமே என்று அவருக்கே லேசாகக் கண் கலங்கியது.

அண்ணி கட்டை டிராயரில் வைக்க எடுத்தாள். ரப்பர் பாண்டு நழுவியது. உறைகளை ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னங்க, இதுல ஒண்ணுகூடப் பிரிக்கலையே."