பொட்டு வைத்த கையுறை

அருள்புரம் சாயப்பட்டறையில் ஆயுத பூசை. ஆய்வுக்கு ஆள் வந்தால் மட்டுமே வெளியே வரும் ரப்பர் கையுறைகள், சந்தனப் பொட்டும் மாலையுமாகச் சாமி படத்தடியில் வீற்றிருக்கின்றன. மூலையில் கேன் விரிசல் விட்டு, கந்தக அமிலம் நிறமின்றி எண்ணெய் போலக் கனத்து இறங்குகிறது. பட்ட இடத்தில் சிமெண்டுத் தரை நுரைத்துப் பொரிகிறது. "மொதலாளி, அந்தக் கிளவுசைத் தாங்க. கேனைத் திருப்பி வைக்கணும், வெறுங்கையில தொட்டா வெந்துரும்" என்கிறான் தொழிலாளி இசக்கிமுத்து. முதலாளி சுப்பண்ணன் கற்பூரத் தட்டோடு திரும்புகிறார். "பூசையில வெச்சதை இன்னிக்கு எடுக்கப்படாது கண்ணு. ஆயுதத்துக்கெல்லாம் லீவு." கூட வேலை பார்க்கும் வேல்விழி சிரிக்கிறாள்: "ஆசிட்டுக்குப் பொட்டு வைக்க மறந்துட்டியளே, அது மட்டும்லா வேலை பாக்குது!" அமிலம் சிரிக்காமல் சரிவு பார்த்து ஓடி, சுப்பண்ணனின் புது வேட்டிக் கரையைத் தொடுகிறது. பருத்தி கறுத்து ஓட்டையாகிறது. "இந்தா, சீக்கிரம் போடு கண்ணு!" கையுறைகளை அவர் உருவுகிற வேகத்தில் சாமி படம் குப்புற விழுகிறது.