மணி கட்டிய வண்டி

“மணி எங்கம்மா?” என்று கேட்டார் பெரியதம்பி.

வினிதா தலைக்கவசத்தைக் கழற்றினாள். முகமெல்லாம் செம்மண். எல்லைக்கோட்டைத் தாண்டி நின்ற அவளுடைய மின்சார வண்டியின் கைப்பிடியில், காலையில் கட்டிய மாட்டு மணி இல்லை.

“அறுந்து விழுந்துடுச்சா?”

“இல்ல சார். நான்தான் அவுத்தேன்.”

கூடியிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த மணிக்கு ஒரு சிறு வரலாறு உண்டு.

அஞ்செட்டி மலையில், பாறையும் பள்ளமுமாகக் கிடந்த தடத்தில் நடந்த பைக் போட்டி அது. வந்திருந்தவை எல்லாம் பெட்ரோல் வண்டிகள். வினிதாவுடையது மட்டும் பேட்டரியில் ஓடுவது. ஓசூரில் ஆலை வேலை முடிந்த பிறகு, அவளும் உடன் வேலை செய்யும் ஆமிரும் ஒரு தகரக் கொட்டகையில் ஒரு வருடமாக உட்கார்ந்து உருவாக்கியது. இந்தப் போட்டியை முடித்தாலே போதும், கடைசியாக வந்தாலும் சரி, இமயமலையில் நடக்கும் பெரிய போட்டிக்கு அனுமதி கிடைத்துவிடும்.

காலையில் எல்லாரும் கிளம்பத் தயாரானபோது சுரேந்தர் கையைத் தூக்கினான். போன வருடம் ஜெயித்தவன்.

“சார், மேடம் வண்டி சத்தமே போடாது. பின்னால வந்து இடிச்சாத்தான் வந்ததே தெரியும். எங்க உயிருக்கு யார் பொறுப்பு?”

சத்தம் போடாமல் இருப்பதும் ஒரு குற்றமாகலாம் என்பது பலருக்கு அப்போதுதான் தெரிந்தது.

போட்டி நடுவரான பெரியதம்பி, ஆலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருப்பவர். விதி என்று ஒன்று இல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. இல்லாத விதியை அங்கேயே உண்டாக்கினார். காட்டில் மேயப்போகும் மாட்டின் கழுத்தில் கட்டுகிற மணி ஒன்றை ஊருக்குள்ளிருந்து வரவழைத்து, தன் கையாலேயே அவள் வண்டியில் கட்டினார்.

“மணியோட கிளம்பணும், மணியோட வந்து சேரணும். இல்லைன்னா போட்டியில இருந்து நீக்கம்.”

“வைக்கோல் ஏதாச்சும் வேணுமா மேடம்?” என்றான் சுரேந்தர்.

பெங்களூரிலிருந்து வந்திருந்த கூட்டம், “தன பந்த்து! தன பந்த்து!” என்று கன்னடத்தில் கூவியது. மாடு வந்துவிட்டதாம்.

வினிதா மணியை ஆட்டிக்கொண்டே கிளம்பிப் போனாள்.

திரும்பி வந்தபோதுதான் மணி இல்லை.

“ஏம்மா அவுத்தே?”

“ஒருத்தருக்குத் தேவைப்பட்டுச்சு சார். குடுத்துட்டேன்.”

“காட்டுக்குள்ள மாட்டு மணி யாருக்கும்மா தேவைப்படும்? மாட்டுக்கா?”

“கிட்டத்தட்ட அப்பிடித்தான் சார்.”

கூட்டம் சிரித்தது. “மானம் போகுதுன்னு கழட்டி வீசியிருக்கும்” என்றது ஒரு குரல்.

ஆமிர் அவளருகே ஓடி வந்தான். “யாருன்னு சொல்லிடுங்கக்கா. ஒரு வருசப் பாடு!”

“சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன் ஆமிர்.”

“யாருக்கோ குடுத்த வாக்குக்காக நம்ம வண்டி இமயமலையைப் பாக்காமலே போகணுமா?”

வினிதா குனிந்து, டயரில் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டத் தொடங்கினாள்.

“அப்ப நீக்கம்தான். எனக்கும் வருத்தம்தாம்மா. ஆனா விதின்னு ஒண்ணு இருக்குதே” என்றார் பெரியதம்பி. காலையில் பிறந்த விதிக்கு அதற்குள் வயதாகிவிட்டிருந்தது.

“விதியை அப்புறம் பாக்கலாங்க. சுரேந்தரை எங்க இன்னும் காணோம்?” என்று ஒருவர் கேட்டார். “எல்லாருக்கும் முன்னால போனவனாச்சே!”

“பஞ்சரா இருக்கும்.”

அப்போது கீழே மண்பாதையில் மணிச்சத்தம் கேட்டது.

மாடு ஏற்றும் வேன் ஒன்று மெதுவாக ஏறி வந்தது. ஓட்டி வந்தவர், அந்தப் பக்கத்தில் மாடு மேய்க்கும் மாதேஸ்வரன். பின்னால், ஏற்றிக் கிடத்திய தன் வண்டிக்குப் பக்கத்தில், காலில் குச்சி வைத்துக் கட்டிய நிலையில் சுரேந்தர் சாய்ந்திருந்தான். வேன் குலுங்கும்போதெல்லாம் அவன் கையிலிருந்த மணி அடித்தது.

யாரும் சிரிக்கவில்லை.

“புதருக்குள்ள கெடந்தாருங்க” என்றார் மாதேஸ்வரன். “இந்தம்மாதான் என்னைத் தேடி வந்து, மணிச்சத்தம் வர்ற பக்கம் போங்கன்னு சொல்லுச்சு. காணாமப் போன மாட்டை நாங்க அப்பிடித்தானே தேடுவோம்.”

“எங்கப்பா விழுந்தே?” என்றார் பெரியதம்பி. “தடத்துல நின்ன நம்ம ஆளுங்க யாருமே உன்னைப் பாக்கலையே?”

சுரேந்தர் வினிதாவைப் பார்த்தான். அவள் இன்னும் டயரைத்தான் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“போட்டிக்குன்னு நாடா கட்டுன தடத்துல நான் போகல சார். ஓடை வழியா குறுக்கால போயிட்டேன். விழுந்ததும் கத்துனேன். மேல போன வண்டி ஒண்ணுக்கும் கேக்கல, அதுஅது போட்ட சத்தம் அப்பிடி. இவங்களுக்குத்தான் கேட்டுச்சு. எங்க விழுந்தேன்னு சொன்னா என்னை நீக்கிடுவாங்க, யார்கிட்டயும் சொல்லிடாதீங்கன்னு நான்தான் கெஞ்சினேன்.”

பெரியதம்பி வேனருகே போனார். அவனிடமிருந்து மணியை வாங்கித் துடைத்தார்.

“மணி கிளம்புச்சு, வந்தும் சேந்துடுச்சு. கொஞ்சம் பின்தங்கி வந்திருக்குது, அவ்வளவுதான். இமயமலைக்கு மூட்டை கட்டும்மா.”

ஆமிர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பெரியதம்பி மணியை எடுத்துக்கொண்டு வினிதாவின் வண்டியை நோக்கி நடந்தார்.

“அதுல கட்டாதீங்க சார்” என்றான் சுரேந்தர். “வழி தப்பிப் போற மாட்டுக்குத்தானே மணி? என் வண்டியில கட்டுங்க.”